சொல்லுக்கு எழுத்து வகுக்கும் உரிமை யாருடையது?

மாத்தளைப் பட்டினத்தில் எந்தப் பிரசித்த நொத்தாரிசின் மேசையிலாயினும் ஒரு தமிழ்க் காணி உறுதியை எடுத்து வாசித்துப் பாருங்கள். முதற் பந்தியில் காணியின் பெயர், கிராமம், கோறளை, நாற்புற எல்லை, பரப்பளவு ஆகியன விரிவாகக் கூறப்பட்டிருக்கும். வயற்காணியாயின் ஏக்கர்க் கணக்கோடு, பழைய அமுணக் கணக்கில் நெல் விதைப்பின் அளவும் வரக்கூடும். அதன்பின் ‘மேற்படி’ என்னும் ஒரே சொல்லின் ஆட்சிதான். மேற்படி காணி, மேற்படி விற்பவர், மேற்படி வாங்குபவர், மேற்படி தொகை, மேற்படி வரைபடம், மேற்படி சாட்சிகள். சட்டத்தொழிலில் உள்ள நாம் இச்சொல்லை எழுதிய அளவுக்கு நமது சொந்தப் பெயரையும் எழுதியிருக்க மாட்டோம்.

இவ்வளவு வழங்கும் சொல்லுக்கு ஒரு தனி எழுத்து இருந்தால் என்ன என்று எவருக்கும் தோன்றும். தோன்றவேண்டியதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. ௸ என்பதே அது. எழுத்தாணியின் விரைவில் சில எழுத்துகள் ஒன்றோடொன்று சுழித்து ஓருருவாகிய வடிவம். இதனோடு பிறந்தவை இன்னும் உள. வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, ரூபாவுக்கு ௹, எண்ணுக்கு ௺. பழைய கடிதங்களிலும் கணக்கேடுகளிலும் ஆண்டின் பெயரை எழுதி ௵ என்றும், மாதத்தின் பெயரை எழுதி ௴ என்றும், தேதியை எழுதி ௳ என்றும் முடிப்பது நம் பாட்டன்மாருக்கு இயல்பான வழக்கு. பேரப்பிள்ளைகளான நம்முள் இவற்றைக் கண்டு இன்னதென்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

இவ்வெட்டுக் குறிகளும் 2003ஆம் ஆண்டில் ஒருங்குறியின் நான்காம் பதிப்பிற் சேர்ந்தன. ஒருங்குறி என்பது உலகத்துக் கணினிகள் யாவும் எழுத்துகளை இனங்காண்பதற்குப் பொதுவாக ஏற்றுக்கொண்ட எண்முறை. 2019இல் வெளியான பன்னிரண்டாம் பதிப்பில் மேலும் 51 தமிழ்க் குறிகள் சேர்க்கப்பட்டன. அப்பட்டியலை உழவர் ஒருவர் வாசிப்பாராயின் தம் வீட்டுக் குதிரையும் கோட்டையும் கண்முன் வந்து நிற்பதாகவே எண்ணுவார். நெல்லுக்கு ஒரு குறி. ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, முக்குறுணி என்னும் முகத்தலளவைகளுக்கு வெவ்வேறு குறிகள். குழிக்கும் வேலிக்கும் குறிகள். நன்செய்க்கு ஒன்று, புன்செய்க்கு ஒன்று, உப்பளத்துக்குக்கூட ஒன்று. காசு, பணம், பொன், வராகன் என்பனவற்றுக்கும், கணக்கெழுதுவோர் நாவில் எப்பொழுதும் நிற்கும் ஆக, போக, வசம், முதலிய, வகையறா என்னும் சொற்களுக்கும் குறிகள். முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி தொடங்கி முக்கால் வரை பின்னங்கள் தனியே. எண்பதில் ஒரு பங்கைக் காணி என்பது பழைய கணக்கு. நிலம் முழுவதையுமே காணி என்று வழங்குகிற இந்நாட்டுத் தமிழர், எண்பதில் ஒன்றேனும் தமக்கென இல்லாமல் இருநூறு ஆண்டு தோட்டங்களில் உழைத்தவர்களை நினைத்து இதனைப் படிப்பார்களாக.

இக்குறிகளை வடித்தவர் யார்? அரசன் ஆணையிட்டானா? புலவர் அவை கூடிற்றா? இல்லை. ஒரே நாளில் நூறு வரி எழுதவேண்டியிருந்த கணக்கப்பிள்ளையின் கை வடித்தது. பக்கத்து ஊர்க் கணக்கப்பிள்ளை அதைப் பார்த்து விளங்கிக்கொண்டார்; தாமும் எழுதினார். இவ்வாறு கை கண்டு கை எழுதி, கடையிலும் களத்திலும் கோயிற் பண்டாரத்திலும் ஏற்கப்பட்ட பின்னரே அது எழுத்து என்னும் தகுதியைப் பெற்றது. எச்சொல் அடிக்கடி வந்து கையை நோகச் செய்ததோ அச்சொல்லுக்கே குறி பிறந்தது. அலங்காரத்துக்காகப் பிறந்த குறி ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை.

இவை வழக்கொழிந்ததற்கும் மருமமான காரணம் எதுவும் இல்லை. ஓலை போய் அச்சு வந்தது. அச்சின் பின் தட்டச்சு வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்துத் தந்த பெருமையாளர். ஆயின் பொறியின் விசைகளோ எண்ணிக்கையில் அடங்குவன. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தின் உருவங்களை அவற்றுள் அடக்குவதே பெரும்பாடு. அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. கச்சேரியின் கணக்கும், நீதிமன்றின் ஏடும், தோட்டக் கந்தோரின் செக்ரோலும் ஆங்கிலத்துக்குப் போயின. கணக்கு எந்த மொழியில் எழுதப்படுகிறதோ அந்த மொழிக்கே கணக்கின் குறிகள் தேவை. தமிழில் எழுதும் அலுவல் குறையவே, தமிழ்க் குறிகளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

ஆங்கிலத்துக்கும் இது நேர்ந்ததுண்டு. அம்மொழியில் மிகுதியாக வழங்கும் சொல் ‘த’ என்று ஒலிக்கும் சுட்டுச்சொல். இதன் முதலொலிக்கு முற்காலத்தில் ‘தோர்ன்’ என்னும் ஒற்றை எழுத்து இருந்தது. ஐரோப்பாக் கண்டத்திலிருந்து இறக்குமதியான அச்செழுத்துப் பெட்டிகளில் தோர்ன் இல்லை. அச்சுக்காரர் உருவில் ஒத்திருந்த ‘வை’ என்னும் எழுத்தை அதற்குப் பதிலாகக் கோத்தனர். இன்றும் பழமை காட்டும் ஆங்கிலக் கடைப் பலகைகள் சிலவற்றில் ‘யீ’ என்று பலர் பிழைபட வாசிப்பது அந்தப் பழைய ‘த’ தான். பேரரசு ஒன்றை ஆண்ட மொழியே அச்சுப்பெட்டிக்கு அடங்கி ஓர் எழுத்தைக் கைவிட்டதென்றால், நம் கணக்கேட்டுக் குறிகள் மறைந்ததில் வியப்பென்ன?

2013ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரத்து உணவக வணிகர் போல் மதிஸ் என்பவர் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மீண்டும் ஓர் ஒற்றை எழுத்தைக் கொடுக்க முயன்றார். டி, எச் என்னும் இரு எழுத்துகளைப் பிணைத்தாற் போன்ற உரு அது. ஆங்கிலத்தில் ‘அன்ட்’ என்னும் சொல்லுக்குத் தனிக்குறி இருக்கும்போது, அதனினும் அதிகம் வழங்கும் சொல்லுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஏறத்தாழ 38,000 டொலர் தம் கைப்பணத்தைச் செலவிட்டுக் கைத்தொலைபேசிக்கு ஒரு விசைப்பலகையும் செய்வித்தார். சேர்பியர் தம் மொழியில் அந்த உருவை ஓர் எழுத்தாக நெடுங்காலமாக வழங்கி வருகின்றனர் என்பதைப் பிறர் எடுத்துக்காட்டினர். சில நாள் செய்தித்தாள்கள் வியந்தன. பின்னர் எவரும் அதை எழுதவில்லை. ‘அன்ட்’ குறியோ இலத்தீன் எழுதுவோர் ‘எட்’ என்னும் சொல்லைச் சேர்த்துக் கிறுக்கியதில் தொடங்கி, இரண்டாயிரம் ஆண்டு கைமாறி வந்தது. பணம் கொடுத்து விசைப்பலகை வாங்கலாம். பிறர் கையின் பழக்கத்தை வாங்க முடியாது.

நம்மிடையேயும் கணினி கற்ற இளைஞர் சிலர், தமிழில் அடிக்கடி வரும் சொற்களுக்குப் புதிய குறிகள் வரைந்தால் மொழி விரைவு பெறும் என்று கருதுகின்றனர். அவர்தம் ஆர்வத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தமிழின் அமைப்பை அவர்கள் ஒருகணம் நினைந்து பார்க்கவேண்டும். ஆங்கிலத்தின் ‘த’ போன்ற தனிச்சொல் தமிழில் இல்லை. ‘அன்ட்’ என்பதன் வேலையைத் தமிழில் ‘உம்’ செய்கிறது. அது தனித்து நிற்பதில்லை. தாயும் தந்தையும் என்னுமிடத்தில் அது சொல்லோடு கரைந்து நிற்கிறது. வேற்றுமை உருபுகளும் அவ்வாறே. கரைந்து நிற்பதற்குக் குறி வரைந்தால் சொல்லைத் துண்டாடியதாகுமேயன்றிச் சுருக்கியதாகாது. தமிழில் மாற்றமின்றி, தனியே, திரும்பத் திரும்ப வருவன கணக்கின் சொற்களும் ஆவணத்தின் சொற்களுமே. அவற்றுக்கே முன்னோர் குறி வைத்தனர். இலக்கண நூல் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை, தேவை சொல்லிற்று.

எழுத்துருவை மாற்றவே கூடாது என்பாரோடும் நாம் உடன்படோம். பெரியார் ஈ. வெ. இராமசாமி 1935இல் தமது ‘குடி அரசு’ இதழில் னை, லை, றா போன்ற எழுத்துகளைச் சீர்திருத்திய வடிவில் அச்சிடத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978இல். இடைப்பட்ட நாற்பத்து மூன்று ஆண்டும் அவ்விதழ்களை வாங்கி வாசித்தவர்களின் கண்களே அச்சீர்திருத்தத்தின் உண்மையான ஆணையிடம். நம் நாட்டுப் பாடநூல்களும் பின்னர் அவ்வழியே வந்தன. எதிர்த்தவர் பலர் இருந்தனர். ஆயினும் எவர் வீட்டுக் கதவிலும் எவரும் வலிந்து அவ்வெழுத்தைப் பொறிக்கவில்லை.

அரசு ஓர் எழுத்தை வகுக்கும்போது நிலைமை வேறாகிறது. இந்திய அரசு தன் ரூபாவுக்குத் தனிக்குறி வேண்டிப் போட்டி நடத்தியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வரைவுகள் வந்தன. 2010ஆம் ஆண்டு யூலை 15ஆம் நாள் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட வரைவு, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற உதயகுமார் என்னும் தமிழருடையது. அவர் தந்தையார் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். தேவநாகரியின் ரகரமும் உரோம ‘ஆர்’ எழுத்தும் கலந்த உரு அது. சில மாதங்களிலேயே ஒருங்குறியில் ஏறிற்று. நாணயங்களிலும் தாள்களிலும் ஏறிற்று. மெல்பேர்ண் வணிகருக்குக் கைகூடாதது இந்திய அரசுக்கு ஓராண்டிற் கைகூடியது எவ்வாறு? பணத்தை அச்சிடுவது அரசு. அரசின் குறியை எழுதாமல் எவரும் வணிகம் செய்ய முடியாது.

பதினைந்து ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், தமிழ்நாட்டு அரசு தனது வரவுசெலவுத் திட்டத்தின் சின்னத்தில் அக்குறியை விடுத்து ‘ரூ’ என்னும் தமிழெழுத்தைப் பொறித்தது. மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முதலாக ஆளும் கட்சியினர் பெருங்கூச்சலிட்டனர். பிரிவினை மனப்பான்மை என்றுகூடப் பேசப்பட்டது. கடைத்தெருவில் விலைச்சீட்டு எழுதும் ஒவ்வொரு தமிழனும் நாள்தோறும் எழுதுகின்ற எழுத்து அது! நமக்கு வேறொரு நகைப்பு. சண்டையிட்ட இரு சாராருள் எவருக்கும் ௹ என்று ஒன்று இருக்கும் நினைவு வந்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவின் பூசல் இந்தியாவோடு இருக்கட்டும். சொல்லொன்றுக்கு எழுத்தொன்றை அரசு வகுத்தால் என்னாகும் என்பதை இலங்கைத் தமிழருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதன் சூடு தணியுமுன், 1957 சனவரி முதல், புதிதாகப் பதியும் வாகனங்களின் இலக்கத்தகட்டில் அதுவரை இருந்த ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைப் பொறிக்கவேண்டும் என்று விதித்தது அரசாங்கம். ஓரெழுத்து, ஒரு சொல். மங்கலம், திரு என்று பொருள் தரும் சொல். அதைப் பார்த்துத் தமிழர் ஏன் கொதித்தனர்?

ஸ்ரீ என்னும் சொல்லோடு தமிழருக்குப் பகையில்லை. சோழர் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்றே தொடங்குகின்றன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கு அழைப்பிதழ் அச்சிடும் நம் மக்கள் ஸ்ரீ என்ற அடைமொழியின்றி அம்மன் பெயரை அச்சிடுவதில்லை. எழுத்தின் வடிவத்தோடும் பகையில்லை. சிங்கள எழுத்தின் வட்டங்கள் அழகியன என்பதை எவரும் ஒப்புவர். மறுக்கப்பட்டது ஒன்றே. தன் சொந்த வாகனத்தில், தன் சொந்தப் பணத்தில் வாங்கிய பொருளில், தன் மொழியை விலக்கி வைத்த ஓரெழுத்தைத் தாங்கிக்கொண்டுதான் ஒருவன் தெருவில் இறங்கலாம் என்னும் நிபந்தனையே மறுக்கப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் தகட்டில் தமிழ் ஸ்ரீயைப் பொறித்து வாகனம் ஓட்டினர். அதன் பொருள் எந்தச் சட்டநூலைக் காட்டிலும் தெளிவானது: சொல் இருவருக்கும் பொது, எழுத்தை மட்டும் ஒருவருக்கு ஆக்காதே.

அதன்பின் நடந்தவற்றை மூத்தோர் அறிவர். 1957 யூலை 26இல் பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மறு ஆண்டு மார்ச்சில் சிங்கள ஸ்ரீ தாங்கிய பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டன. எதிர்ப்பு மீண்டும் மூண்டது, மலையகத் தோட்டங்களுக்கும் பரவியது. தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. 1958 ஏப்ரல் 9இல் ஒப்பந்தம் கிழிந்தது. தகட்டின் எழுத்தை அழித்தமைக்காகத் தந்தை செல்வா மட்டக்களப்பில் இருவாரச் சிறைத்தண்டனை பெற்றார். மே மாதத்தில் நாடு இரத்தத்தில் நனைந்தது. ஒப்பந்தம் நின்றிருந்தால் இந்நாட்டின் கதை எவ்வாறு திரும்பியிருக்கும் என்பதை இங்கே ஆராயப் புகவில்லை. ஓரெழுத்தின் மீது எழுந்த பிணக்கை ஒரு மாலைப் பொழுதில் தீர்த்திருக்கலாம். இரண்டு எழுத்தையும் அனுமதித்தாலே போதும்.

1972இல் அதே சொல் நாட்டின் பெயரிலேயே ஏறிற்று. தமிழில் மட்டும் இன்றும் இது இலங்கைக் குடியரசு தான், ஸ்ரீ சேரவில்லை. வாகனத் தகட்டின் ஸ்ரீயோ பிற்காலத்தில் ஓசையின்றி மறைந்தது. இன்று பதியும் வாகனங்கள் ஆங்கில எழுத்தையே தாங்குகின்றன. யார் வென்றார்?

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. இந்நாட்டின் ரூபாவை நாம் தமிழில் ரூ. என்றும், சிங்களத்தில் அதே ஒலியுடைய எழுத்தாலும், ஆங்கிலத்தில் இரண்டெழுத்துச் சுருக்கத்தாலும் எழுதி வருகிறோம். நாணயத்தாளில் மூன்று மொழிகளும் உள. இந்தியாவைப் பார்த்து நமக்கும் ஓர் அழகிய குறி வேண்டும் என்று என்றேனும் ஒருநாள் கொழும்பில் ஒரு குழு அமையக்கூடும். அமைந்தால், அதன் முதற்கூட்டத்துக்கு முன்பே தமிழ் பேசும் மக்களின் நிலைப்பாடு தெரிந்திருக்க வேண்டும். இரு மொழி எழுத்தும் சமமாகத் தோன்றும் குறி. இல்லையேல் இரண்டும் தோன்றாத குறி. ஒருமொழி எழுத்தை வளைத்து நாட்டுக்குப் பொது என்று காட்டும் குறியை நாம் ஏற்கவியலாது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திற் காய்கறி விற்கும் சிங்கள, முஸ்லிம், தமிழ் உழவர் மூவருக்கும் ரூபா ஒன்றே. விலை விழுந்தால் மூவர் மடியும் ஒன்றாகவே காய்கிறது. அவர்களுக்குள் இல்லாத வேற்றுமையை ஒரு வரைபடக்காரர் உண்டாக்கவேண்டியதில்லை.

ரூபாக் குறி நாளைய பேச்சு. காணிக் கடுதாசி இன்றைய பேச்சு. 2023ஆம் ஆண்டு யூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை, மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து நடந்து வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. பயணம் முடிந்ததும் இங்கேயே. நடந்தவர்களின் கோரிக்கைகளுள் வீட்டுக்கும் காணிக்குமான உரிமையும் இருந்தது. ஏழு பேர்ச்சஸ் என்றும் உறுதி என்றும் தேர்தல் தோறும் கேட்டுப் பழகிய மக்கள் அவர்கள். அந்தக் கடுதாசி வரும்போது அது எம்மொழியில் வரும்? இருநூறாண்டுக்குப் பின் கைக்கு வரும் முதற் காணிப் பத்திரத்தை, அதன் சொந்தக்காரி எழுத்துக்கூட்டியேனும் வாசிக்க முடியுமா? பழைய உறுதிகளுக்குப் பதிலாக 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் கணினிவழிச் சான்றிதழ்கள் வழங்கும் வேலையும் நாட்டில் நடந்து வருகிறது. படிவங்கள் புதிதாக வார்க்கப்படும் காலம் இது. தமிழெழுத்துக்கு இடமில்லை, விசையில்லை, அச்சில்லை என்று சொல்லக்கூடிய காலம் கடந்துவிட்டது. முந்திரிக்கும் உப்பளத்துக்கும் இடமளித்த கணினியில் ஓர் ஏழையின் பெயருக்கும் அவள் நிலத்தின் எல்லைக்கும் தமிழில் இடமிராதா?

அளுவிகாரை நம் பட்டினத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ளது. வாய்வழி வந்த பௌத்த திரிபிடகம் அழிந்துவிடுமே என்று அஞ்சிய பிக்குகள், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் அதனை அங்கேதான் ஓலையில் எழுதி வைத்தனர். எழுதி வைக்கப்படாதது இழக்கப்படும் என்னும் அச்சம் இம்மாவட்டத்தின் பெரும்பான்மை மக்களுக்கு விளங்காத ஒன்றன்று. நம் கோரிக்கையை அவர்களிடம் எடுத்துரைக்கும்போது நாம் அங்கிருந்து தொடங்கலாம்.

இனி ௸ பற்றி. அதை உறுதிகளில் மீண்டும் எழுதலாமா என்று தொழிலிலுள்ள நண்பர் சிலர் கேட்டதுண்டு. வேண்டாம் என்பதே எமது துணிபு. உறுதி என்பது வாசிக்கத் தெரிந்தவனுக்காக மட்டும் எழுதப்படுவதன்று. நொத்தாரிசுக் கட்டளைச்சட்டத்தின் 31ஆம் பிரிவு, உறுதி நிறைவேறிய நாளையும் மாதத்தையும் ஆண்டையும் இலக்கத்தால் அல்லாமல் எழுத்தால் எழுதவேண்டும் என்கிறது. கைந்நாட்டு இடுபவருக்கு அதனை வாசித்து விளக்கவும் வேண்டும் என்கிறது. இவ்விதிகளின் நோக்கம் வஞ்சகத்தைத் தடுப்பதே. சுருக்கம் புகுமிடத்தில் ஐயமும் புகும். ஒரே உறுதியில் இரு காணிகள் விற்கப்பட்டால் ‘மேற்படி காணி’ எது என்று வழக்காடி ஓய்ந்த குடும்பங்கள் உண்டு. நெடுஞ்சொல்லே இவ்வளவு கேடு செய்யுமாயின் குறுங்குறி என்ன செய்யாது? உறுதியில் காணியின் பெயரையே மறுபடி மறுபடி எழுதுக. நொத்தாரிசின் கை நொந்தாலும் உழவரின் வயல் பிழைக்கும்.

௸ உம் ௷ உம் ௶ உம் வாழவேண்டிய இடம் வேறு. கூட்டுறவுச் சங்கத்தின் பற்றுவரவு ஏடு, மிளகும் கோப்பியும் கராம்பும் விற்ற கணக்கு, கோயில் நிருவாகத்தின் வரவுசெலவு, பாடசாலைப் பிள்ளைகளின் கணக்குப் புத்தகம் என்பனவே அவை. நம்மவர் தமக்குள் எழுதிக்கொள்ளும் கணக்கில் அக்குறிகளை எழுத எவர் அனுமதியும் தேவையில்லை. கைத்தொலைபேசியிலும் கணினியிலும் அவை கிடைக்கின்றன. கலியாண அழைப்பிதழில் ௵ ௴ ௳ என்று அச்சிட்டுவிட்டு, வரவழைத்தோர் பெயர்ப்பட்டியலையும் மொய்க் கணக்கையும் ஆங்கிலத்தில் எழுதுவோரை நாம் அறிவோம். கணக்கு எழுதுவதற்கென்று பிறந்த குறியை அழைப்பிதழின் ஓரத்தில் ஒட்டி அழகு பார்ப்பதில் என்ன பயன்?

கந்தோர்களில் செய்யவேண்டியது மற்றொன்று. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை பலர் எண்ணுவதைவிடப் பயனுள்ளது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள மாத்தளை போன்ற மாவட்டத்திலும், ஒருவர் அரச அலுவலருக்குத் தமிழில் எழுதலாம். எழுதிய மொழியிலேயே பதில் பெற உரித்துடையவர். அலுவலர் ஒருவர் தமக்கு வழங்குவதற்காக நிறைவேற்றும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் உரித்துடையவர். பதிவேடுகளின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழிற் கேட்கலாம். இவ்வுரித்து 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தத்தால் வந்தது. அதைக் கேட்டு வாங்கியவர் நம்முள் மிகச் சிலர். மொழிபெயர்ப்பாளர் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்னும் மறுமொழியோடு திரும்பி வந்தவர் பலர். திரும்பி வந்தவரின் பெயரும் நாளும் எங்கும் எழுதப்படாமையால், கேட்டவர் எவருமில்லை என்று கந்தோர் சொல்கிறது.

ஆகவே இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பகுதி உழவர்களுக்கும் தோட்ட மக்களுக்கும், பட்டினத்து ஆசிரியர், வைத்தியர், கணக்காளர் ஆகிய அன்பர்களுக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. காணி பற்றியோ நீர்வரி பற்றியோ உரமானியம் பற்றியோ பிரதேச செயலகத்துக்கு எழுதும் அடுத்த விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுங்கள். எழுத முடியாதவருக்கு எழுத முடிந்தவர் எழுதிக்கொடுங்கள். பிரதியொன்றை வைத்துக்கொண்டு, கொடுத்த நாளை அதில் குறித்து, பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் வாங்குங்கள். பதில் வேறு மொழியில் வந்தால், அல்லது முப்பது நாளில் வராவிட்டால், அந்தப் பிரதியை எம்மிடம் கொண்டுவாருங்கள்.